"ஆடாமல் உட்கார்ந்து படி!" என்று பிள்ளையை அதட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம். வீட்டுப்பாடம் எழுதும்போது காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? நாற்காலியில் ஒரு நிமிடம் ஒழுங்காக உட்காருவதில்லையா? கொஞ்சம் பொறுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்த ஆட்டமும் கவனமும் ஒன்றாகவே ஓடுகின்றன.

2015-இல் மத்திய புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். திரையில் எண்களும் ஓர் எழுத்தும் கலைந்து தோன்றும். எண்களை வரிசைப்படுத்தி, எழுத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு மிகுந்த நிலை) உள்ள சிறுவர்கள், உடம்பை அதிகம் அசைத்தபோது நன்றாகச் செய்தார்கள். மற்ற சிறுவர்கள் அதிகம் அசைந்தபோது தடுமாறினார்கள்! ஆக, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சட்டம் போட முடியாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்புலன்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கை கால் எங்கே இருக்கிறது என்று சொல்லும் தசை, மூட்டு உணர்வு; உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. இவற்றைக் கற்றலோடு இணைத்துப் பேசியவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர். அவருடைய முக்கியமான நூல் 1972-இல் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நீங்களும் என்னோடு செய்து பாருங்கள்.

(திரையில் ஒரு வரி எழுத்து)

ஃபோனைக் கையில் தள்ளிப் பிடியுங்கள். தலையை அசைக்காமல், ஃபோனை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டியபடி இந்த வரியைப் படியுங்கள். எழுத்தெல்லாம் கலங்குகிறது அல்லவா? இப்போது ஃபோனை அசைக்காதீர்கள். அதே வேகத்தில் தலையை ஆட்டிக்கொண்டு படியுங்கள்.

படிக்க முடிகிறது! வேகம் ஒன்றுதான், கண்ணும் அதே கண்தான். பிறகு எப்படி?

ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பியதும் திரவம் பின்தங்க, அங்குள்ள செல்களின் நுண்மயிர்கள் வளைய, அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண்கள் எதிர்த்திசையில் திரும்பிவிடுகின்றன. அதனால் பார்வை அந்த வரியிலேயே நிற்கிறது. கரும்பலகையைப் பார்த்து, குனிந்து நோட்டில் எழுதி, மறுபடி நிமிரும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு நாள் முழுவதும் துணை நிற்கிறது.

தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். நின்ற பிறகும் உலகம் சுற்றுகிறதே, ஏன்? செம்பில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிவிட்டு, சட்டென்று பிடித்து நிறுத்துங்கள். செம்பு நிற்கும், தண்ணீர் நிற்காது. காதுக்குள் இருக்கும் திரவமும் அப்படித்தான். சுற்றி நின்ற குழந்தையின் கண்ணை உற்றுப் பாருங்கள்: கருவிழி மெல்ல ஒரு பக்கம் நழுவும், வெடுக்கென்று திரும்பும், மறுபடி நழுவும். ஏர்ஸ் இதையே ஒரு சோதனையாக்கினார். குழந்தையைச் சுழல் பலகையில் உட்காரவைத்து, 20 நொடியில் 10 சுற்று சுற்றி நிறுத்தி, அந்தக் கண்ணாட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணக்கெடுத்தார். குழந்தைகள் விளையாட்டாகச் சுற்றுவதில் இவ்வளவு விஷயம்!

அப்படியானால் ஊஞ்சலாட்டினால் மார்க் ஏறுமா? அதற்கு உறுதியான சான்று இல்லை. ஊஞ்சல், சுழற்சி போன்றவற்றால் புலன்களுக்குப் பயிற்சி தரும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கான ஆய்வுச் சான்று போதவில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் அறிக்கை வெளியிட்டது. எடை வைத்த சட்டை கவனத்தைக் கூட்டும் என்பதும் நிரூபணமாகவில்லை. இந்தச் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டச் சொல்கிறவர்களிடம், என்ன முன்னேற்றம், எத்தனை மாதத்தில், அதை எப்படி அளப்பீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சான்று நன்றாக இருப்பது வேறோர் இடத்தில். நெதர்லாந்தில் 12 பள்ளிகளைச் சேர்ந்த 499 குழந்தைகளிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கணக்கையும் மொழியையும் உடற்பயிற்சியோடு சேர்த்து நடத்தினார்கள். ஒரு சொல்லை எழுத்துக்கூட்டும்போது ஓர் எழுத்துக்கு ஒரு குதி. வாரத்துக்கு மூன்று வகுப்புகள். கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் அந்தப் பிள்ளைகள், வழக்கம்போல் படித்தவர்களைவிட நான்கு மாதப் படிப்புக்கும் மேல் முந்திச் சென்றார்கள். வாசிப்பில் வித்தியாசம் இல்லை. இன்று இரவே வீட்டில் செய்து பார்க்கலாம்: "தா-ம-ரை", மூன்று குதி.

காலை ஆட்டும் பிள்ளைக்கு, நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் இடையே பழைய சைக்கிள் டியூபைக் கட்டிவிடுங்கள். எழுதிக்கொண்டே காலால் அழுத்தட்டும். அடுத்தவருக்கும் தொந்தரவு இல்லை. அதனால் எழுத்து ஓடுகிறதா, கவனம் சிதறுகிறதா என்று நீங்களே பார்த்துத் தொடருங்கள். தூங்குவதற்கு முன் தட்டாமாலை வேண்டாம், மெல்ல ஆடும் ஊஞ்சல் போதும்.

கடைசியாக, என்னை மிகவும் கோபப்படுத்தும் விஷயம். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வகுப்பாக மாற்றுகிறார்கள். சேட்டை செய்தால், முதலில் பறிபோவது விளையாட்டு நேரம். அசைவு தேவைப்படுகிற பிள்ளைக்கே அசைவைப் பறிக்கும் தண்டனை இது! படிப்பைக் காரணம் காட்டியோ தண்டனையாகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று, சற்று முன் சொன்ன அதே மருத்துவர் கழகம் 2013-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் விளையாட்டோ உடற்பயிற்சியோ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன், இந்த மாதம் பி.டி. பீரியட் எத்தனை நடந்தது என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதைக் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.