ஒன்றரை வயதுப் பிள்ளை நாலு வாய்தான் சாப்பிடுகிறான், பசி டானிக் கொடுக்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று, படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவே இல்லை. ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பையனுக்கு ஒன்றரை வயது. "ஒரு வயது வரைக்கும் கிண்ணம் காலியாகிவிடும் டாக்டர். இப்போது நாலு வாய், அதோடு தலையைத் திருப்பிக்கொள்கிறான். செல்போனில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறான். பிள்ளை இளைத்துவிட்டான் என்று மாமியார் வருத்தப்படுகிறார். பசிக்கு ஒரு டானிக் சொல்லுங்கள்." கடைசியில் இன்னொரு வரி: "ஆனால் நான் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் ஓடி வந்து என் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறான்." அந்தக் கடைசி வரிக்காகவே இந்தக் கேள்வியை எடுத்தேன்.

முதலில் பசி. 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் சுமார் 9 கிலோ இருக்கும். முதல் வருடத்தில் மட்டும் 6 கிலோ! அடுத்த வருடம் முழுக்கக் கூடுவது 2, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. ஓடியாட ஆரம்பித்ததும் கன்னத்துச் சதை வற்றும், கால் நீளும். பாட்டி கண்ணுக்கு அது இளைப்பாகத்தான் தெரியும். அவர் பார்த்தது சரிதான், ஆனால் அது நோய் இல்லை.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். எதை, எப்போது கொடுப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. தாய்ப்பால் பற்றிப் பேசியபோது சொன்னேன், தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் இணை உணவு பற்றிப் பேசியபோது சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். அந்த நேரத்தில் போனைக் காட்டி வாயில் திணித்தால், வயிறு சொல்வதைக் கேட்கக் குழந்தைக்குத் தெரியாமலே போய்விடும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. 2 வயதுக்கு மேல்கூட நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

பால் எவ்வளவு குடிக்கிறான் என்று அந்த அம்மா எழுதவில்லை. அரை லிட்டருக்கு மேல் போனால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். என்னிடம் வரும் அம்மாக்கள் எல்லோரும் "என்ன ஊட்டலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். "பிள்ளை யாரோடு சாப்பிடுகிறான்?" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கும். பெரும்பாலான வீடுகளில் குழந்தைக்கு முதலில் ஊட்டி முடித்துவிட்டு, அப்புறம் நாம் தனியாகச் சாப்பிடுகிறோம். குழந்தைக்கு அது சாப்பாடு இல்லை, மருந்து கொடுக்கிற நேரம். இந்தப் பையன் அம்மாவின் தட்டுக்கு ஓடி வருகிறானே, அவன் பசியில்லாத பிள்ளையா? பந்தியில் தனக்கும் ஓர் இலை கேட்கிறான்!

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ராத்திரி தாத்தா தரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். பேத்திக்கும் பக்கத்திலேயே ஒரு சின்னத் தட்டு. அவள் சோற்றை அள்ளி இறுக்கிப் பிடிப்பாள், விரல் இடுக்கு வழியாகத் தயிர் முழங்கை வரை வழியும். கடைசியில் வாய்க்குப் போவது நாலு பருக்கை. அதையும் பாதி தாத்தாவின் வாயில் வைப்பாள். தாத்தா துடைக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார், தன் பாட்டுக்குச் சாப்பிடுவார். கொஞ்ச நாளில் அந்தக் குழந்தை தானாகவே ஒரு கை சோறு சாப்பிட ஆரம்பித்துவிட்டது. பாண்டியன் அறிவுடைநம்பி என்ற அரசன், சங்க காலத்தில், நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பாடியிருக்கிறான். அப்படி ஒரு பிள்ளை இல்லாத வாழ்க்கை என்ன வாழ்க்கை என்று கேட்கிறான். அரண்மனையிலேயே சிந்தியிருக்கிறது, நம் வீட்டில் சிந்தினால் என்ன? தரையில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள்.

ஸ்பூனைத் தட்டிவிட்டு, விழுந்ததா என்று எட்டிப் பார்ப்பதும் இந்த வயதுதான். ஸ்விட்சர்லாந்தின் குழந்தை உளவியலாளர் ஜான் பியாஜே தன் சொந்தக் குழந்தைகள் மூன்று பேரையும் பக்கத்தில் இருந்து கவனித்து இதையெல்லாம் எழுதினார். போட்டால் விழும், அம்மா எடுப்பாள் என்று பிள்ளை சோதித்துப் பார்க்கிறது. குறும்பு என்று அடிக்காதீர்கள்.

ஆகவே அம்மா, நாளை முதல் உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு தட்டு. நீங்கள் சாப்பிடுவதையே காரம் குறைத்து வையுங்கள். இட்லியைப் பிட்டு வைக்கலாம், வேகவைத்த கேரட்டைக் குழைவாக வைக்கலாம். முழு வேர்க்கடலையும் முழு திராட்சையும் வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புதுக் காயை முதல் நாளே தின்ன மாட்டான். பத்துத் தடவை வைத்த பிறகுகூட எடுத்துக் கடிக்கலாம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்.

டானிக் வாங்காதீர்கள். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். எடைக் கோடு தட்டையாக நின்றாலோ இறங்கினாலோ, பிள்ளை சோர்ந்து வெளுத்துத் தெரிந்தாலோ, அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரும் பேரனோடு சேர்ந்து உட்கார முடியுமா?