டிஸ்க்கிடம் ஒரு கேள்வி, நான்கு பதில்கள்

[காட்சி: மேசையில் ஒரு சர்வர் ஹார்ட் டிஸ்க், பச்சைப் பலகை மேலே தெரியும்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.]

வணக்கம். பினாங்கு, ஜார்ஜ் டவுனிலிருந்து பேசுகிறேன்.

எழுதச் சொன்ன தரவை உடனே உள்ளே சுழலும் தட்டில் எழுதுவதா, கொஞ்ச நேரம் கேஷில், அதாவது டிஸ்க்கின் தற்காலிக நினைவகத்தில், வைத்திருப்பதா? படிக்க முடியாத ஓர் இடத்தோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? வேலை இல்லாதபோது எப்போது சுழற்சியை நிறுத்துவது? இந்த முடிவுகளை எல்லாம் கணினிதான் எடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இவை டிஸ்க்கின் உள்ளேயே அமைப்புகளாகப் பதிந்து கிடக்கின்றன.

உள்ளே என்றால் எங்கே? சுழலும் டிஸ்க்கில், உங்கள் கொள்ளளவுக் கணக்கில் சேராத சில தடங்கள் தட்டிலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். ஃபர்ம்வேரின், அதாவது டிஸ்க்கை இயக்கும் உள் நிரலின், ஒரு பகுதி, பழுதான இடங்களின் பட்டியல், சேமித்த அமைப்புகள் எல்லாம் அங்கே இருக்கும். எஸ்எஸ்டி என்றால் தட்டு கிடையாது, ஃபிளாஷ் சில்லுகளில் ஒதுக்கிய இடம். நீங்கள் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்தாலும் அங்கே கை படாது. அதனால்தான் பழைய சர்வரிலிருந்து கழற்றி விற்கும் டிஸ்க்குகள் முன்னாள் முதலாளியின் பழக்கவழக்கங்களோடு வீட்டுக்கு வருகின்றன.

இந்த அமைப்புகளைக் கேட்டுப் படிப்பதற்கு மூன்று பாஷைகள் உண்டு. முதலில் மூத்தது, ஸ்கஸி. 1986இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. 1994இல் வந்த இரண்டாம் பதிப்பில் அமைப்புகள் பக்கம் பக்கமாக ஒழுங்குபடுத்தப்பட்டன. பக்கம் 01 பிழை மீட்பு. பக்கம் 08 கேஷ். இன்று சர்வர்களில் ஓடும் எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள் பேசுவதும் இதே பாஷைதான்.

படிப்பதற்கான கட்டளை மோடு சென்ஸ். மாற்றுவதற்கு மோடு செலக்ட். எனக்குப் பிடித்த விஷயம் மோடு சென்ஸில்தான் இருக்கிறது. "பக்கம் 08ஐக் கொடு" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த 08 என்றும் சொல்ல வேண்டும். கட்டளையில் அதற்கென்று இரண்டு பிட்டுகள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1. 00 என்றால் இப்போது நடப்பில் இருக்கும் மதிப்பு. 10 என்றால் தயாரிப்பாளர் வைத்த மதிப்பு. 11 என்றால் சேமித்து வைத்த மதிப்பு, அதாவது மின்சாரம் போய் வந்ததும் டிஸ்க் எதை எடுத்துக்கொள்ளுமோ அது. நடுவில் 01ஐ விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். 01 என்று கேட்டால் மதிப்பே வராது. எந்தெந்த பிட்டை நீங்கள் மாற்றலாம் என்ற வரைபடம் வரும்: மாற்றக்கூடிய இடத்தில் 1, தொடக்கூடாத இடத்தில் 0.

[காட்சி: திரையில் மூன்று எண்கள் மட்டும்: 88 12 14]

ஒரு டிஸ்க் பக்கம் 08ஐ இப்படித் தொடங்கலாம். எல்லாம் பதினாறடிமான எண்கள். 88இல் இடப்பக்கக் கடைசி பிட்டை எடுத்துவிட்டால் மிச்சம் 08, அது பக்கத்தின் எண். எடுத்த அந்த ஒரு பிட், "இந்தப் பக்கத்தை என்னால் சேமிக்க முடியும்" என்ற வாக்குமூலம். அடுத்த 12 என்பது நம் கணக்கில் 18. இன்னும் அத்தனை பைட்டுகள் பின்னால் வருகின்றன.

மூன்றாவது பைட்டுக்கு வருவோம். 14 என்பதை இருமத்தில் விரித்தால் 0001 0100. வலப்பக்கத்திலிருந்து மூன்றாவது பிட், எழுதும் கேஷ். அது 1, ஆகவே கேஷ் ஓடுகிறது. வலப்பக்கக் கடைசி பிட், படிக்கும் கேஷ். அது 0, ஆகவே அதுவும் ஓடுகிறது! ஒன்றில் 1 என்றால் ஓடுகிறது, மற்றதில் 1 என்றால் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரே பைட்டுக்குள் இப்படி எதிரும் புதிருமாக வைத்த புண்ணியவான் யாரோ. எழுதும் கேஷை மட்டும் நிறுத்தினால் 14 என்பது 10 ஆகும். சரி.

மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. படித்த பக்கத்தில் ஒரு பிட்டைத் திருத்தி அப்படியே திருப்பி அனுப்பலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் மோடு செலக்டில் அந்தச் சேமிப்பு வாக்குமூல பிட் 0 ஆக இருக்க வேண்டும். 88 என்று வந்ததை 08 என்று அனுப்ப வேண்டும். தொடக்கூடாத பிட்டில் கை வைத்தால், அனுப்பிய பட்டியலில் செல்லாத புலம் இருக்கிறது என்று டிஸ்க் மறுத்துவிடும். சில மதிப்புகளைத் தன்னால் முடிந்த அளவுக்குத் தோராயமாக்கி ஏற்றுக்கொண்டு, தோராயமாக்கினேன் என்றும் சொல்லும். அதே டிஸ்க்கை இன்னொரு கணினியும் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அமைப்பு மாறிவிட்டது என்று அதற்கும் தகவல் போகும். இவ்வளவு கண்ணியமாகப் பேசும் சாதனங்கள் அபூர்வம்.

பாயான் லெப்பாசில் ஓர் அலுவலகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, எழுதும் கேஷை நிறுத்திவிட்டுத்தான் போனேன். மின்சாரம் போய் வந்த பிறகு பார்த்தால் மறுபடியும் ஓடுகிறதே?" அவர் மாற்றியது நடப்பு மதிப்பை. சேமித்த மதிப்பு அப்படியே இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் எஸ்டிபார்ம் என்ற கருவி நான்கு பதில்களையும் ஒரே வரியில் காட்டும்: நடப்பு மதிப்பு, மாற்றலாமா, தயாரிப்பாளர் மதிப்பு, சேமித்தது. மாற்றும்போது சேமிக்கவும் சொல்ல வேண்டும், அதற்குத் தனியாக ஒரு விருப்பம் உண்டு. அவருடைய டிஸ்க்குகளில் முதல் பைட் 88 இல்லை, வெறும் 08. சேமிக்கவே தெரியாத டிஸ்க்குகள். வேறு வழியில்லை, சர்வர் எழும்பும்போதெல்லாம் கேஷை நிறுத்த ஒரு விதி எழுதி வைத்தோம்.

பழைய சர்வர் டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. மோடு சென்ஸ் பதிலில் பக்கங்களுக்கு முன்னால் எட்டு பைட்டில் ஒரு குறிப்பு வரும். ஒரு செக்டாரின், அதாவது டிஸ்க் ஒரே மூச்சில் படித்து எழுதும் துண்டின், நீளம் பைட் கணக்கில் அதில் இருக்கிறது. சில சேமிப்புப் பெட்டிகளில் ஓடிய டிஸ்க்குகளில் அது 512 அல்ல, 520. கடைக்காரர் நல்ல டிஸ்க் என்று கொடுத்திருப்பார். லினக்ஸ், 520 செக்டார் எனக்கு ஆகாது என்று சொல்லி, கொள்ளளவைப் பூஜ்யம் என்று காட்டும். டிஸ்க் பழுது இல்லை. நீளத்தை 512 என்று மோடு செலக்டில் எழுதி, பிறகு டிஸ்க்கையே ஃபார்மேட் செய்யச் சொல்ல வேண்டும். பல மணி நேரம் ஓடும். இடையில் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது பாஷை ஏடிஏ, நம் வீட்டுக் கணினிகளின் சாட்டா டிஸ்க்குகள் பேசுவது. தரமாக அச்சேறியது 1994இல். இதில் பக்கங்கள் கிடையாது. "உன்னை அடையாளம் காட்டு" என்று கேட்டால் 512 பைட்டுகள் மொத்தமாக வந்து விழும், 256 சொற்களாக. 82ஆம் சொல்லில் எழுதும் கேஷ் வசதி இருக்கிறதா என்ற பிட். 85ஆம் சொல்லில் அது இப்போது ஓடுகிறதா என்ற பிட். மாற்றுவது தனிக் கட்டளை: 02 என்றால் ஓட்டு, 82 என்றால் நிறுத்து. இந்த 82க்கும் அந்த 82ஆம் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை, குழம்ப வேண்டாம். "இருக்கிறது, ஓடுகிறது" என்ற இரண்டு பதில்களோடு சாட்டா நிறுத்திக்கொள்கிறது. தயாரிப்பாளர் மதிப்பு என்ன, சேமித்தது எது என்று கேட்க வழியில்லை. சாட்டாவைப் பற்றி எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

பிழை மீட்பு நேரத்தைப் பாருங்கள். ஏழு விநாடிக்கு மேல் போராடாதே என்று சாட்டா டிஸ்க்கிடம் சொல்ல 70 என்று எழுத வேண்டும், அலகு பத்தில் ஒரு விநாடி. ஸ்கஸியின் பக்கம் 01இல் அதே ஏழு விநாடி 7000, அலகு மில்லி விநாடி. பல சாட்டா டிஸ்க்குகள் மின்சாரம் போனதும் அந்த 70ஐ மறந்துவிடும். நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி, வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

மூன்றாவது என்விஎம்இ, புதிய வகை எஸ்எஸ்டிகளின் பாஷை, 2011இல் வந்தது. இதில் நான்கு கேள்விகளும் திரும்பி வந்துவிட்டன: நடப்பு, தயாரிப்பாளர் மதிப்பு, சேமித்தது, என்னவெல்லாம் முடியும். நான்காவது பதில் மட்டும் கொஞ்சம் மேம்போக்கானது. ஓர் அமைப்பை மாற்றலாமா, சேமிக்கலாமா என்று மொத்தமாகச் சொல்லுமே தவிர, ஸ்கஸியைப் போல பிட் பிட்டாக வரைபடம் தராது.

[காட்சி: யூஎஸ்பி டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறிய பலகையைக் காட்டுதல்.]

யூஎஸ்பி டிஸ்க்குக்கு வருவோம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் பகல் முழுக்கப் படம் பிடித்துவிட்டு இதில்தான் கொட்டி வைக்கிறோம். கணினி ஸ்கஸி பேசுகிறது, உள்ளே இருப்பது சாட்டா டிஸ்க். நடுவில் இந்தப் பாலச் சில்லு. ஒழுங்கான பாலம், டிஸ்க்கின் 85ஆம் சொல்லைப் பார்த்து அதற்கேற்ப ஒரு பக்கம் 08ஐத் தானே தயாரித்துக் கொடுக்கும். மலிவான பாலம் அந்தப் பக்கமே தன்னிடம் இல்லை என்றுவிடும். அப்போது லினக்ஸ் பதிவேட்டில், கேஷ் பக்கம் கிடைக்கவில்லை, நேரடியாக எழுதும் டிஸ்க் என்று வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு செய்தி வரும். அந்த அனுமானத்துக்கு விலை உண்டு. நேரடியாக எழுதும் டிஸ்க்குக்கு, கேஷில் உள்ளதைத் தட்டில் கொட்டு என்ற கட்டளையை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அனுப்பாது. உள்ளே இருக்கும் டிஸ்க்கோ கேஷை ஓட்டிக்கொண்டிருக்கும். பதிவு முடிந்துவிட்டது என்று திரை சொன்னதும் வயரைப் பிடுங்கினால், கடைசிக் கோப்பு அரைகுறையாக நிற்கலாம்.

கர்னல் தன் நம்பிக்கையை எழுதி வைத்திருக்கும் இடத்தை நீங்களே மாற்றலாம். சிஸ் கோப்பகத்தில், ஒவ்வொரு ஸ்கஸி டிஸ்க்குக்கும் கேஷ் வகை என்று ஒரு சிறு கோப்பு உண்டு. "தற்காலிகமாக" என்ற பொருள் தரும் முன்சொல்லோடு எழுதினால் டிஸ்க்கைத் தொடாமல் கர்னலின் எண்ணம் மட்டும் மாறும், கொட்டும் கட்டளையும் போகத் தொடங்கும். அதைப் பாலம் டிஸ்க்குக்குக் கடத்துகிறதா, தானே "ஆயிற்று" என்று பதில் சொல்லிவிடுகிறதா என்பது கணினிப் பக்கத்திலிருந்து தெரியாது. சந்தேகம் இருந்தால் டிஸ்க்கை டப்பாவிலிருந்து கழற்றி, தாய்ப்பலகையின் சாட்டா இணைப்பில் செருகி, ஹெச்டிபார்ம் என்ற லினக்ஸ் கருவியில் எழுதும் கேஷை நிறுத்திப் பாருங்கள். மறுபடி டப்பாவில் போட்டு மின்சாரம் கொடுத்ததும் பெரும்பாலும் அது பழையபடி ஓடத் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட டப்பாவில் முறைப்படி வெளியேற்றிய பிறகும் சில விநாடிகள் பொறுத்தே வயரைக் கழற்றுங்கள்.