மறுமையின் பேரேடு

(வாசகர் கூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சிங்கப்பூரில் இருந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். அடுக்குமாடி வீடுகளுக்கு இடையிலுள்ள திடலில் மேடை கட்டி, வண்ண விளக்குகளைப் போட்டு, ‘கெத்தாய்’ என்னும் பாட்டுக் கச்சேரி நடக்கும். கூட்டம் பின்வரிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். முன்வரிசை நாற்காலிகள் மட்டும் காலியாகவே கிடக்கும். அறியாமல் அங்கே போய் அமர்ந்துவிட்டவரை யாரேனும் ஒருவர் மெல்லத் தோளைத் தொட்டு எழுப்பிவிடுவார். அந்த வரிசை இறந்தவர்களுக்கு உரியது. சற்றுத் தள்ளி ஒரு தகரத் தொட்டியில் தாள் பணம் எரிந்துகொண்டிருக்கும். எரிவது இங்கே சாம்பலாகிறது, அங்கே காசாகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

இறந்தோருக்கு நாற்காலி வேண்டும், சோறு வேண்டும், செலவுக்குக் காசு வேண்டும் என்று எண்ணும் ஒரு மக்கள் கூட்டம் அவ்வுலகைப் பற்றிக் கதை சொன்னால் அக்கதை எப்படி இருக்கும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். செய்தே தீரவேண்டிய கடமையையும், திருப்பித் தரவேண்டிய பணத்தையும் கடன் என்ற ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. ‘நீத்தார் கடன்’ என்று நாம் சொல்லும்போது முதற்பொருளே மேலோங்கி நிற்கிறது. சீனத்து மறுமைக் கதைகளிலோ இரண்டு பொருளும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. அங்கே கணக்கு எழுதப்படுகிறது, கணக்கு பார்க்கப்படுகிறது; சில வேளைகளில் கணக்கு திருத்தவும் படுகிறது. வரலாற்றை அடியாகக் கொண்டு மாயப் புனைவு எழுதுவோர்க்கு அந்தப் பேரேடே வாசல் என்பது என் கருத்து.

யமராஜன் என்னும் வடசொல் பௌத்த நூல்களோடு சீனம் சென்று, தேய்ந்து, ‘யன்லுவோ’ ஆயிற்று. நாம் அறிந்த எமன் எருமை மீதேறிப் பாசக்கயிற்றோடு தானே வருகிறான். யன்லுவோ இருக்கையை விட்டு நகர்வதில்லை. சீன அரசின் நடுவரைப் போல உடையணிந்து மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறான். எருதுத் தலையும் குதிரை முகமும் கொண்ட சேவகர்கள் ஆட்களைப் பிடித்து வந்து நிறுத்துகிறார்கள். எழுத்தர்கள் ஏட்டைப் புரட்டுகிறார்கள். அவனும் தனியரசன் அல்லன். மன்றங்கள் மொத்தம் பத்து, அவனுக்கு உரியது ஐந்தாவது. முதலில் அவன் முதல் மன்றத்தில்தான் இருந்தான் என்றும், அநியாயமாகச் செத்தவர்கள் மீது இரக்கப்பட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததால் ஐந்தாம் மன்றத்துக்கு இறக்கப்பட்டான் என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. எமனுக்கே பணியிட மாற்றம் வழங்கக்கூடிய ஆட்சி அது! இறந்தவர் ஏழு நாளுக்கு ஒரு மன்றமாக 49 நாளில் ஏழு மன்றங்களையும், பிறகு 100ஆம் நாளிலும் ஓராண்டு முடிவிலும் மூன்றாம் ஆண்டிலும் எஞ்சிய மூன்றையும் கடக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாளில் செய்யும் காரியம் அந்தந்த மன்றத்தில் போய்ச் சேரும்.

இனி, ஒரு பேரரசன் இந்த மன்றத்தில் வந்து நின்ற கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தாங் வம்சத்துப் பேரரசர் தாய்சோங் சீன வரலாற்றில் மிக உயர்வாகப் போற்றப்படுபவர்களுள் ஒருவர். ஆனால் 626ஆம் ஆண்டில் சுவான்வு வாயிலில் தம் அண்ணனும் பட்டத்து இளவரசருமான ஜியான்செங்கையும், தம்பி யுவான்ஜியையும் கொன்றுவிட்டே அவர் அரியணைக்கு வந்தார். தம் காலத்து ஆட்சிக் குறிப்பைப் பேரரசர் பார்க்கலாகாது என்னும் வழக்கத்தை மீறி, வரலாற்று அலுவலர்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தவரும் அவரே. மண்ணுலகின் ஏட்டைப் பார்த்த பேரரசனை மறுமையின் ஏட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள் கதைசொல்லிகள். வடமேற்குச் சீனத்துத் துன்ஹுவாங் குகையில் கிடைத்த சுவடிகளிலேயே அவர் இருளுலகம் சென்ற கதை இருக்கிறது. 1592இல் அச்சான ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் பெரும் புனைவில் அது முழு வடிவம் பெறுகிறது.

உயிர் பிரியும் நேரத்தில் அமைச்சர் வெய் ஜெங் பேரரசரின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். அவருடைய பழைய நண்பர் சுய், முன்னாள் அரசு அலுவலர், இறந்தபின் இருளுலகில் நடுவராகப் பேரேட்டைக் காத்து வருகிறார், கடிதம் அவருக்கு. சுய் ஏட்டை எடுத்துப் பார்க்கிறார். பேரரசரின் ஆயுள், அவரது ஆட்சியின் 13ஆம் ஆண்டோடு முடிகிறது. சீன எழுத்தில் அந்த எண் ‘ஒன்று, பத்து, மூன்று’ என மூன்று எழுத்துகளாக வரும். ஒன்று என்பது படுக்கையாக இழுத்த ஒரே கோடு. மூன்று என்பது அதே போன்ற மூன்று கோடுகள். சுய் பருத்த தூரிகையில் மையைத் தோய்த்து, அந்த ஒற்றைக் கோட்டோடு இரண்டு கோடுகளைச் சேர்க்கிறார். பதின்மூன்று முப்பத்து மூன்றாகிறது. பத்து மன்றத்து மன்னர்களும் ஏட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கின்றன, திரும்பிப் போங்கள் என்று மரியாதையோடு அனுப்பிவைக்கிறார்கள். இரண்டு கோடு, இருபது ஆண்டு! மறுமை நீதியைப் பற்றி இவ்வளவு சிறிய அசைவில் இவ்வளவு பெரிய செய்தியைச் சொன்ன இன்னொரு காட்சியை நான் படித்ததில்லை.

ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. கொல்லப்பட்ட அண்ணனும் தம்பியும் இருளுலகில் எதிரே வந்து, எங்கள் உயிரைக் கொடு என்று பேரரசரைப் பற்றிக்கொள்கிறார்கள். திரும்பும் வழியில் அநியாயச் சாவு கண்டவர்களின் நகரம் வருகிறது. போர்களிலும் கலகங்களிலும் மாண்டு, காரியம் செய்ய ஆளில்லாமல், செலவுக்குக் காசில்லாமல் கிடக்கும் ஆவிகள் வழியை மறிக்கின்றன. பேரரசரிடம் அங்கே சல்லிக்காசு இல்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் சேமிப்பிலிருந்து கடன் வாங்கித்தான் அவர் தப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் யார் தெரியுமா? கைஃபெங் நகரில் தண்ணீரும் மண்பாண்டமும் விற்றுப் பிழைக்கும் சியாங் லியாங். அன்றாடச் செலவு போக மிஞ்சியதையெல்லாம் தாள் பணம் வாங்கி எரித்து வந்த அந்த ஏழைக்கு, அவரே அறியாமல் அங்கே 13 கருவூலங்கள் நிறைந்திருக்கின்றன. உயிர் மீண்ட பேரரசர் கடனைத் திருப்பிக் கொடுத்தனுப்ப, கணவனும் மனைவியும் நடுங்கிப்போய், நாங்கள் யாருக்கும் கடன் கொடுக்கவில்லையே என்று மறுத்துவிடுகிறார்கள். அரசவை வரலாற்றில் இடமே பெற முடியாத ஒரு தண்ணீர் விற்பவருக்குப் பேரரசன் கடன்பட்டான் என்று எழுத மாயப் புனைவு ஒன்றால்தான் முடியும்.

ஏடு கடிதத்துக்கு வளையும் என்றால் காசுக்கும் வளையாதா? இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஷான்தோங் மாநிலத்துப் பு சொங்லிங் (1640–1715). 1658இல் தொடக்கநிலைத் தேர்வில் முதலிடம் பெற்று, அடுத்த நிலைத் தேர்வில் பல பத்தாண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்து, செல்வர் வீட்டில் ஆசிரியராக வாழ்நாளைக் கழித்தவர். ஏறத்தாழ 500 கதைகள் எழுதினார். அவை அச்சேறியது 1766இல்தான். அவர் எழுதிய ஷி ஃபாங்பிங் என்பவனின் கதையில், முன்பே செத்துப்போன ஒரு பணக்காரப் பகைவன் இருளுலகச் சேவகர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து ஷியின் தந்தையை வதைக்கச் செய்கிறான். மகனின் உயிர் உடலை விட்டுப் பிரிந்து வழக்குத் தொடுக்கப் போகிறது. நகரத் தெய்வத்திடம் போகிறான். சான்று இல்லை என்கிறார்கள். மேலதிகாரியிடம் போகிறான், அவர் வழக்கைத் திரும்ப நகரத் தெய்வத்திடமே தள்ளிவிடுகிறார். எமனிடமே போகிறான், எமன் அவனை அடிக்கச் சொல்கிறான். “இந்த அடி எனக்கு வேண்டியதுதான், என்னைக் காசில்லாதவனாக இருக்கச் சொன்னது யார்!” என்று அவன் கூவுகிறான். இன்னும் வழக்காடுவாயா என்று கேட்டு, ஆம் என்றதும், இரண்டு பலகைக்கு நடுவில் கட்டி உச்சந்தலையிலிருந்து அவனை மரமறுக்கும் வாளால் அறுக்கிறார்கள். அறுத்துக்கொண்டிருக்கும் பூதங்களில் ஒன்று மற்றொன்றிடம் சொல்கிறது: இவன் தந்தைக்காக வந்தவன், குற்றமற்றவன், இதயம் கெடாதபடி வாளைச் சற்று ஒதுக்கி அறு. வாள் வளைந்து இறங்க, வலி இன்னும் கூடுகிறது.

நெடுங்காலத்துக்கு முன் படித்த அந்த வரியை என்னால் இன்றும் கடந்து போக முடிவதில்லை. கொடிய ஓர் அலுவலகத்தின் அடிமட்டத்துச் சேவகன் தன்னால் முடிந்த ஒரே இரக்கத்தை, வாளை ஒரு விரற்கடை விலக்குவதை, செய்கிறான். அந்த இரக்கமும் துன்பமாகவே போய்ச் சேர்கிறது. இறுதியில் எர்லாங் என்னும் தெய்வத்திடம் ஷிக்கு நீதி கிடைக்கிறது. எண்ணெய்க் கொப்பரையையும் கத்தி மலையையும் காட்டிப் பயமுறுத்தும் இன்றைய மாயப் புனைவுகள் பலவற்றில் இந்த வாள் இருக்கிறது. அதை ஒதுக்கும் கை இல்லை. அதுவே அவற்றின் குறை.

ஏட்டில் உள்ள கோளாறுகளில் மிக ஆழமானது, பெயரே எழுதப்படாமல் போவது. சீனக் குடும்ப வழக்கில் மணமாகாமல் இறந்த பெண்ணின் பெயர்ப்பலகைக்குப் பிறந்த வீட்டு முன்னோர் மாடத்தில் இடம் இல்லை. மணமாகாமல் இறந்த ஆணுக்கோ மரபைத் தொடர ஆள் இல்லை. இதற்குத் தீர்வாக வந்ததே இறந்தவரோடு செய்யும் ஆவித் திருமணம். மலேசிய எழுத்தாளர் யாங்ஸி சூ 2013இல் வெளியிட்ட ‘த கோஸ்ட் பிரைட்’ புதினம் இந்த வழக்கத்தை எடுத்து, 1893ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த மலாக்காவில் நிறுத்துகிறது. தந்தை அபினில் மூழ்கிச் செல்வம் தொலைந்த வீட்டுப் பெண் லி லான். அவளை இறந்துபோன தம் மகனுக்கு மணமுடிக்கக் கேட்கிறது ஒரு பணக்காரக் குடும்பம். அவள் உயிரோடிருக்கும்போதே இறந்தோர் உலகில் அலைகிறாள். எரித்து அனுப்பிய தாள் வீடுகளும் தாள் வேலைக்காரர்களும் அங்கே உண்மையாகவே நடமாடுகின்றன.

இக்கதைக்கு மலாக்காவை விடப் பொருத்தமான ஊர் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் சிறிது தூர இடைவெளியில் ஒரே தெருவழியில் நிற்கின்றன. அந்த விநாயகர் கோயிலைப் பேணும், தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டி மக்கள், தமிழ் பேச்சு வழக்கொழிந்த பின்னும், பொங்கலுக்கு முந்திய போகி நாளை மறவாமல், முன்னோருக்கு வாழையிலையில் படையல் வைத்துப் ‘பர்ச்சு’ கொடுத்து வருகிறார்கள். வள்ளுவர் சொன்ன தென்புலத்தாருக்கு அந்த ஊரில் இரண்டு மொழியிலும் சோறு கிடைக்கிறது.

கடைசியாக, நான் அறிந்தவரை இன்னும் எவரும் புனைவாக எழுதிப் பார்க்காத, எழுத வேண்டும் என்று நான் ஆசைப்படும் ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். துன்ஹுவாங்கில் ஜாய் ஃபெங்தா என்றோர் அலுவலர் இருந்தார், நாட்காட்டி கணிப்பவர். 958ஆம் ஆண்டில் அவர் மனைவி இறந்துபோனார். முதல் ஏழாம் நாள் தொடங்கி மூன்றாம் ஆண்டு வரை, பத்து மன்றங்களுக்கும் உரிய பத்து நாளிலும் ஒவ்வொரு பௌத்த நூலாகப் படியெடுக்கச் செய்து, மனைவிக்காக அந்தப் புண்ணியத்தை அவர் அனுப்பி வைத்தார். ஆயுளெல்லாம் நாள் கணித்தவர், அந்தப் பத்து நாளையும் எப்படி எண்ணியிருப்பார்! அந்தச் சுவடிகள் இன்று சீனாவிலும் பாரிசிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றில் கணவரின் பெயர் இருக்கிறது. மனைவியை ‘மா குலத்தாள்’ என்று மட்டும் குறித்திருக்கிறது. பத்தாம் மன்றத்தில் அவர் வந்து நிற்கிறார், எழுத்தர் தூரிகையை மையில் தோய்த்துவிட்டு, உன் பெயர் என்ன என்று கேட்கிறார். அங்கிருந்து யாராவது தொடங்குங்கள்.