ரயில் தின்ற ‘வேண்டாம்’

தலைவர் அவர்களே, முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்கிற பெரியவர்களே, பின்வரிசையில் வடைக்காகக் காத்திருக்கிற நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு ‘இனிய இல்லறம்’. எனக்கு முன்னால் பேசின மூன்று பேரும் எனக்குத் தெரிந்த குறளையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள், ஒருவர் ஒரே குறளை இரண்டு தரம் சொன்னார். ஆகவே எனக்கு மிச்சம் இருப்பது எங்கள் வீட்டுக் குசினி மட்டும்தான். அதைப் பற்றிப் பேச மனைவியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அதோ, இரண்டாவது வரிசையில் இருக்கிறா. கூட்டிச் சொன்னால் எழும்பி நின்று திருத்துவன் என்பது நிபந்தனை.

நாங்கள் கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மேல்மாடியில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறோம். வீடு பார்க்கப் போன அன்று தரகர் பல்கனிக் கதவைத் திறந்து கடலைக் காட்டினார். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்டவாளம் இருந்ததை அவர் காட்டவில்லை, நாங்களும் ‘ஆ, கடல்’ என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் அது கண்ணில் படவில்லை. சாவியை வாங்கிப் பால் காய்ச்சின அன்று முதல் ரயில் போனது, பானை ஆடியது, பால் தானாகவே பொங்கியது. நல்ல சகுனம் என்று மாமியார் சொன்னா. அந்தப் பாதை 1894இல் காலிக்கும் 1895இல் மாத்தறைக்கும் போய்ச் சேர்ந்ததாம். அப்படியென்றால் அந்த இடத்தின் மூத்த குடித்தனம் ரயில்தான், நாங்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள், அதோடு சண்டை பிடிக்க முடியாது.

சத்தம் பழகிவிடும் என்றார்கள். பழகிவிட்டது, அதில் பொய் இல்லை. ரயில் போகும்போது நாங்கள் பேச்சை நிறுத்துவதில்லை, அது போகிறது என்பதே காதில் விழுவதில்லை. எங்கள் வீட்டில் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் எடுத்தது.

விஷயம் இதுதான். தமிழில் ‘வேண்டாம்’ கடைசியில் வருகிறது. ‘இல்லை’யும் கடைசியில், ‘கூடாது’ம் கடைசியில். இங்கிலீஷ்காரன் ‘டோன்ட்’ என்று தொடக்கத்திலேயே தடியைப் போட்டுவிடுவான், அதற்குப் பிறகு எந்த ரயில் வந்தாலும் அவனுக்குக் கவலை இல்லை. நாங்கள் அப்படியா? ‘உப்புப் போட’ என்பது வரைக்கும் போடச் சொல்வதும் போடாதே என்பதும் ஒரே வசனம். கடைசிச் சொல்லில்தான் தலையெழுத்து. அந்தக் கடைசிச் சொல்லில் மாத்தறைக் கடுகதி ஏறிக்கொண்டு போய்விட்டால், கணவன் பாதி வசனத்தோடு குசினியில் நிற்பான். பாதி வசனம் கிடைத்த ஆண்பிள்ளை அதை ‘செய்’ என்றுதான் எடுத்துக்கொள்வான், சும்மா இரு என்று ஒரு நாளும் எடுத்துக்கொள்ளமாட்டான், அது எங்கள் வளர்ப்பு.

முதல் கேஸ் மீன் குழம்பு. பாரை மீன், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அவ குழம்பை அடுப்பில் வைத்து, உப்பும் போட்டு, பல்கனியில் உடுப்புக் காயப்போடப் போனா. நான் குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போனேன். வெளியிலிருந்து குரல் வந்தது. “இஞ்சாருங்கோ, குழம்புக்கு உப்புப் போட...” அவ்வளவுதான், ரயில். ‘வேண்டாம், நான் போட்டிட்டன்’ என்பது வெள்ளவத்தைப் பக்கம் போய்விட்டது. நான் நல்ல பிள்ளையாகக் கறண்டியை எடுத்து, சரி பெரிய மீன்தானே என்று ஒன்றரைக் கறண்டி போட்டேன். போட்டது மட்டுமில்லை, நன்றாகக் கலக்கியும் விட்டேன்.

உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போடு, அது இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் வீடுகளில் ஒரு வைத்தியம் இருக்கிறது. போட்டோம். நாலு கிழங்கு. கிழங்கு தண்ணீரையும் உப்பையும் சேர்த்துத்தான் இழுக்கும், மிச்சக் குழம்பு அதே கரிப்பில் அப்படியே நிற்கும், மேலதிகமாக நாலு உப்புக் கிழங்கு கிடைக்கும். பெருக்கினால்தான் குறையும். ஆகவே இரண்டாம் பால், பிறகு முதற்பால், பிறகு புளி, புளி கூடினதால் இன்னும் பால். இருக்கிற தேங்காய் விலையில் அந்த மீன் பாலில் குளித்த இராசகுமாரன் மாதிரிக் கிடந்தது. பெரிய சட்டி காணாமல், பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற பானைக்கு மாற்றினோம். மூன்று நாள் சாப்பிட்டோம். கீழ்வீட்டு அன்ரிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம், வெறும் கிண்ணம் திரும்பி வந்தது, அவ ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷி.

குழம்பு இருந்தால் பாண் வேண்டும். கொழும்பில் பின்னேரத்தில் பேக்கரிப் பாண் ஓட்டோ வரும் உங்களுக்குத் தெரியும், சூன் பாண் என்று சிங்களத்தில் சொல்வார்கள், அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வருகிற மெட்டு பீத்தோவன் 1810 வாக்கில் பியானோவுக்கு எழுதினது. காது கேட்காமல் போன மனிதர். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்பது அவருடைய மெட்டுக்கு மட்டும்தான். அதிலும் ஒரு வில்லங்கம். நான் முன்படியால் இறங்கி இரண்டு றாத்தல் வாங்குவேன், அவ பின்பக்க ஒழுங்கையால் போய் அதே ஓட்டோவை மறித்து இரண்டு றாத்தல் வாங்குவா. ஓட்டோக்காரத் தம்பி எங்கள் இரண்டு பேரையும் நன்றாகத் தெரிந்தவன், ஆனால் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. வியாபாரி.

சரி, மோட்டர் விஷயத்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு வரும், மோட்டர் போட்டு மேலே தாங்கிக்கு ஏற்ற வேண்டும். தாங்கி நிரம்பினால் மோட்டர் தானாக நிற்க ஒரு மிதவை இருந்தது. இருந்தது என்றேன். கடற்காற்றுக்கு இரும்பு என்றால் பிஸ்கட் மாதிரி. பிணைச்சல், பூட்டு, சைக்கிள், காஸ் அடுப்பின் கால் எல்லாம் தின்ற காற்று, அந்த மிதவையின் சுவிட்சையும் தின்றுவிட்டது. திருத்த வேலை செய்கிற பாஸைக் கூப்பிட்டு மாற்றுவோம் என்று அவ சொன்னா. ஐந்து நிமிஷ வேலைக்குப் பாஸ் எதற்கு, நானே பார்க்கிறேன் என்று நான் சொன்னேன். அப்புறம் பார்க்கவில்லை. அந்த நாளிலிருந்து மிதவை வேலை எங்கள் இரண்டு பேருடைய வாயில் நடக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவ முழுகப் போகும்போது குளியலறைக்குள்ளிருந்து சொன்னது, “மோட்டரை நிப்பாட்ட...” ரயில். நான் எழும்பிப் போய் நிப்பாட்டிவிட்டுப் பேப்பரோடு வந்து இருந்தேன். ‘நிப்பாட்ட வேண்டாம், தாங்கியில சொட்டும் இல்லை’ என்பதுதான் முழு வசனம். தலை நிறைய சீயாக்காய், கண்ணுக்குள்ளும் சீயாக்காய், குழாயில் காற்று மட்டும் வருகிறது. உள்ளேயிருந்து என் பெயர் கேட்டது. முப்பது வருஷக் கலியாணத்தில் அவ என் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு ரயிலும் வரவில்லை.

அந்தப் பயத்தில் அடுத்த கிழமை நான் மோட்டரை நிப்பாட்டவே இல்லை. கீழ்வீட்டு அன்ரி மொட்டைமாடியில் செத்தல் மிளகாய் காயவைத்திருந்தா, அது மிதந்து படியால் இறங்கி அவவின் வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. “வத்துர! வத்துர!”, தண்ணீர் தண்ணீர் என்று அவ சிங்களத்தில் கத்த, அவவின் மனுஷன் கீழேயிருந்து ஏதோ கேட்க, அவ பதில் சொல்ல, ரயில் வர, அவர் ஓடிப் போய்த் தன்னுடைய தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உதித்தது. சிங்களத்திலும் ‘வேண்டாம்’ என்கிற ‘எபா’ கடைசியில்தானே வருகிறது! மாடிக்கு மேலேயும் கீழேயும் ஒரே வியாதி. இந்த நாட்டில் எத்தனையோ வட்டமேசை போட்டு இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது எது என்று தேடினார்கள், என்னைக் கேட்டிருக்கலாம்.

இனி 2025 பெப்ரவரி 9. உங்களில் யாருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை மறந்திருக்காது. எனக்கு வேறு காரணத்துக்காக மறக்கவில்லை. எங்கள் வீட்டு மண்டபத்துக் காற்றாடி ஒரு மாதமாகக் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டிருந்தது. காலையில் அவ இடியப்பம் பிழிந்துகொண்டே, “அந்தக் காற்றாடியைக் கழட்ட...” என்றா. மிச்சத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கழற்றினேன். கதிரைக்கு மேல் முக்காலி, முக்காலிக்கு மேல் நான். மூன்று வயர் வந்தது, மூன்றையும் எந்த ஒழுங்கில் கழற்றினேன் என்று எழுதி வைக்கவில்லை. எண்ணெய் விட்டேன், பூட்டினேன், பதினொன்றரை மணிபோல ட்ரிப் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, பெருமையோடு காற்றாடிச் சுவிட்சைப் போட்டேன்.

வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

அவ குசினியிலிருந்து வந்து ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தா. நான் ட்ரிப் சுவிட்சைப் போய்ப் பார்த்தேன், அது விழவில்லை, மேலேயே நிற்கிறது. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குப் பட்டது. அந்தச் சுவிட்சின் வேலையே போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றா என்று பார்ப்பதுதான், 30 மில்லியம்பியர் வித்தியாசம் தெரிந்தாலே விழுந்துவிட வேண்டும். அது விழாமல் வீடு இருண்டால், நான் செய்தது அதைவிடப் பெரிய காரியம். கீழ்வீட்டு அன்ரி எட்டிப் பார்த்து அங்கேயும் இல்லை என்றா. ஒழுங்கை முழுக்க ஆட்கள் வெளியே வந்து நிற்கிறார்கள். முன்வீட்டு ஐயா கம்பத்தைப் பார்க்கிறார். நான் யன்னல் திரையை இழுத்து மூடினேன்.

படித்த மனுஷன்தான் நான், ஒரு வீட்டுக் காற்றாடியால் ஒழுங்கையை இருட்டாக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நடுங்குகிறது. வத்தளையிலிருந்து மச்சான் ரெலிபோன் எடுத்தார், “அத்தான், உங்க கரண்ட் இருக்கோ? இஞ்ச இல்லை.” அவ என்னைப் பார்த்தா. கொஞ்சத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அவவின் தமக்கை. அங்கேயும் இல்லை. அவ ரெலிபோனை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கேட்டா, “உண்மையைச் சொல்லுங்கோ, எந்த வயரைத் தொட்டனீங்கள்?”

பின்னேரம்தான் செய்தி வந்தது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார். பிறகு வந்த விளக்கங்களில், ஞாயிற்றுக்கிழமை பாவனை குறைவு, கூரைகளில் சூரிய மின்சாரம் அதிகம், அதனால் ஒரு இடத்தில் விழுந்த தட்டு முழு நாட்டையும் சாய்த்துவிட்டது என்றார்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோய், அதற்கடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டும் வந்தது. உலகமே அந்தக் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. நான் மட்டும் அதற்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். வந்த கரண்டில் காற்றாடி சுற்றியது, கத்தவில்லை, ஆனால் காற்று மேலே போனது. வானொலியை நிப்பாட்டிவிட்டு அவ சொன்னது இது, “பாணந்துறை எண்டு சொல்லுகினம். நான் எடுத்துத் தெஹிவளை எண்டு சொல்லட்டோ?”

இரவு இதையெல்லாம் ரொறன்ரோவில் இருக்கிற மகளுக்குச் சொன்னோம். அவள் சிரித்து முடித்துவிட்டு, இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள், ‘வேண்டாம்’ என்பதை முதலில் சொல்லுங்கோ, பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கோ என்றாள். எனக்கு அது பிடித்துப்போனது. வீட்டில் புதுச் சட்டம் போட்டோம். “வேண்டாம், உப்பு.” “வேண்டாம், மோட்டர்.” ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்தான் கொஞ்சம் பயந்தார்கள், “வேண்டாம், தேத்தண்ணிக்குச் சீனி” என்று அவ என்னிடம் சொன்னதைத் தனக்கென்று நினைத்து ஒரு பெரியவர் கோப்பையை அப்படியே திருப்பி வைத்துவிட்டார்.

நேற்று இரவு நான் குசினியில் நிற்கிறேன். ஒரு கையில் கறண்டி, மற்றக் கையில் பால்ச் சட்டி, ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கப் போகிறேன். அறையிலிருந்து அவவின் குரல், நல்ல கணீரென்று, “வேண்டாம்!”

ரயில்.

எது வேண்டாம்? பாலா, கறண்டியா, காலா? ஒன்றையும் அசைக்க எனக்குத் துணிவு வரவில்லை. நீளமான ரயில். தூக்கின காலோடு, சூடான சட்டியோடு, பெட்டி பெட்டியாக எண்ணிக்கொண்டு நின்றேன். ஒருவழியாக அது போய் முடிந்தது. “என்ன வேண்டாம் எண்டனீர்?” என்று கத்தினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னா, “பொறுங்கோ... மறந்து போனன்.”