தேடி முடித்த இடத்தில் மீண்டும் தேடுவது

அன்பு நேயர்களே, வணக்கம். தீபாவளி நெருங்குகிறது, அமாவாசையை ஒட்டிய இருட்டு. டர்பன் நகர விளக்குகளை விட்டுச் சற்று விலகி, இரவு பத்து மணி வாக்கில் தெற்கே பாருங்கள். நம் பால்வெளிக்கு அண்டையிலுள்ள குட்டி விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லன் மேகத்தின் அருகே, பஞ்சுத் துளி போல மங்கலாக ஒன்று தெரியும். அதுதான் 47 டுகானே. லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருக்கியடித்து நிற்கும் கோள வடிவக் கொத்து. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தைவிட்டு அதிகம் எழாது. டர்பனுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோருக்குத்தான் அது வானில் நன்றாக உயர்ந்து தெரிந்தது.

இந்தக் கொத்துகளுக்குள் துடிவிண்மீன்கள், அதாவது பல்சார்கள், இருக்கின்றன. பெரிய விண்மீன் ஒன்று வெடித்து மடிந்தபின் எஞ்சும் கரு, அதாவது நியூட்ரான் விண்மீன் அது. சுழலச் சுழல அதன் ரேடியோ அலை நமக்குத் துடிப்பாக வந்து சேரும். சூரியனைவிட எடை மிகுந்தது. ஆனால் டர்பன் மாநகருக்குள் அடங்கிவிடும். நெரிசலான கொத்தில் அதற்கு எளிதாகத் துணை விண்மீன் கிடைக்கிறது. துணையின் பொருளை உறிஞ்சி, முதுமையிலும் வேகம் பிடிக்கிறது. டெர்சான் 5 என்ற கொத்தில் ஒன்று நொடிக்கு 716 முறை சுழல்கிறது. அதைவிட வேகமாகச் சுழலும் துடிவிண்மீன் இதுவரை கிடைக்கவில்லை.

தேடுவது எப்படி? வழியிலுள்ள எலக்ட்ரான்களால் ரேடியோ அலைகளில் குறைந்த அதிர்வெண் பிந்தி வந்து சேரும். எவ்வளவு பிந்தும் என்பது முன்கூட்டித் தெரியாததால், கணினி ஆயிரக்கணக்கான அளவுகளை வைத்துப் பார்க்க வேண்டும். கொத்தில் ஒன்று அகப்பட்டுவிட்டாலோ, மற்றவற்றுக்கும் ஏறத்தாழ அதே தாமதம்தான். பிறகு, வரும் சமிக்ஞையைச் சுழற்சிக் காலப்படி மடித்து மடித்து அடுக்குகிறோம். தனியாக இருக்கும் துடிவிண்மீன் திரையில் நேர்கோடாக நிற்கும். துணையோடு சுற்றுவது வில்லாக வளையும். அந்த வளைவையும் ஊகித்துத் திருத்தாவிட்டால் துடிப்பு இரைச்சலில் கரைந்துபோகும். வியப்பான இணைகளெல்லாம் அந்த வளைவில்தான் மறைந்திருக்கின்றன. பொறுமை மிகவும் தேவைப்படுவதும் அங்கேதான்.

"ஏற்கெனவே தேடிவிட்ட கொத்தில் மறுபடி என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில், என்ஜிசி 1851. புனேவுக்கு அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கி அந்தக் கொத்தில் கண்ட ஒரு துடிவிண்மீனைப் பற்றிய அறிவிப்பு 2004-இல் வந்தது. பல ஆண்டுகளுக்கு அந்த ஒன்றுதான். பிறகு நம் தென்னாப்பிரிக்காவின் காரூ வறள்நிலத்தில், கார்னார்வன் ஊருக்கு அப்பால், 2018-இல் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி திறக்கப்பட்டது. 13.5 மீட்டர் விட்டமுள்ள 64 கிண்ணங்கள் ஒரே காதாக இயங்குகின்றன. 2022-இல் அதே கொத்திலிருந்து 13 புதிய துடிவிண்மீன்கள் அறிவிக்கப்பட்டன. டெர்சான் 5-உம் அப்படியே: 39 தெரிந்திருந்த இடத்தில் இன்னும் 10.

அந்தப் பதின்மூன்றில் ஒன்று, நொடிக்கு 170 முறைக்கும் மேல் சுழன்றபடி, ஏழரை நாளுக்கு ஒரு முறை தன் துணையைச் சுற்றி வருகிறது. துணை கண்ணுக்குத் தெரியவில்லை. 2024 ஜனவரியில் வெளியான கணிப்பின்படி அதன் எடை சூரியனைப்போல 2.09 முதல் 2.71 மடங்கு. நாம் அறிந்த நியூட்ரான் விண்மீன்களுக்கு இது மிகக் கனம். கருந்துளைகளுக்கு மிக இலேசு. கருந்துளை என்று உறுதியானால், ரேடியோ துடிவிண்மீனும் கருந்துளையும் இணைந்து சுற்றுவதாக அறியப்படும் முதல் ஜோடி இதுவாகவே இருக்கும். துடிப்புகள் வந்துசேரும் நேரத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து, அதன் சுற்றுப்பாதையை இன்னும் நுட்பமாக வரையும் வேலை பாக்கியிருக்கிறது.