பீட்டில்ஸை உயர்த்தியது போட்டியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பட்டிமன்றத்தில் பாட்டும் இருக்கும் என்று நம்பி வந்து எங்கள் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பீட்டில்ஸ் குழுவின் இசையை உயர்த்தியது நட்பா, போட்டியா?’ இதுதான் தலைப்பு. அறுபதுகளில் உலகையே ஆட்டிவைத்த லிவர்பூல் நால்வர் குழு அது: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். எனக்கு முன் பேசிய சகோதரி, நட்புதான் என்று சொல்லி அவையைக் கிட்டத்தட்ட அழவே வைத்துவிட்டார். பதின்ம வயதிலேயே தாயை இழந்த ஜான், பால் என்ற இரண்டு லிவர்பூல் பையன்கள். இரண்டு பேருக்கும் ஒரே கிட்டார் பைத்தியம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு சினிமா தியேட்டருக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் தூக்கம். எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட மறுக்கமாட்டேன்.

ஆனால் ஐயா, அன்றைக்கு லிவர்பூலில் இருந்து ஹாம்பர்க் போய்க் கஷ்டப்பட்ட குழு இவர்கள் மட்டும்தானா? ரோரி ஸ்டார்ம் குழுவும்தான் போனது. அவர்களுக்குள் நட்பு இல்லையா? அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்தான் ரிங்கோ ஸ்டார். 1962 ஆகஸ்டில் அவரை இவர்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சரி, அதுவரைக்கும் பீட்டில்ஸுக்கு டிரம்ஸ் வாசித்தது யார்? பீட் பெஸ்ட். இரண்டு வருடம் கூடவே இருந்தவர். ஹாம்பர்க்கில் அதே இருட்டறையில் தூங்கியவர். நல்ல டிரம்மர் கிடைத்ததும் அவரை வெளியே அனுப்பினார்கள். அதையும் முகத்தைப் பார்த்து இவர்கள் சொல்லவில்லை. மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனைச் சொல்லவைத்தார்கள்! நட்பின் சிகரம் என்று சகோதரி பேசியபோது பீட் பெஸ்டின் பெயரை ஏன் விட்டுவிட்டார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. இசைக்காக எடுத்த முடிவு, சரியான முடிவு. ஆனால் அது நட்பு எடுத்த முடிவு அல்ல.

அப்புறம் அந்த முதல் சந்திப்பு. 1957 ஜூலை 6, வூல்டன் தேவாலயத் திருவிழா. ஜான் லெனனுக்கு 16 வயது, பால் மெக்கார்ட்னிக்கு 15. பால் கிட்டாரை எடுத்து ஒரு ராக் பாட்டை வரி மறக்காமல் முழுசாகப் பாடிக் காட்டுகிறார். ‘இரண்டு உள்ளங்கள் கலந்த தருணம்’ என்றார் சகோதரி. ஜானின் உள்ளத்தில் என்ன ஓடியது என்பதை ஜானே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘இவன் என் குழுவில் இருக்கும் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன். சேர்த்தால் குழு பலமாகும், சேர்க்காவிட்டால் நான் பலமாக இருப்பேன். எது வேண்டும்?’ இதுதான் அவர் போட்ட கணக்கு. பீட்டில்ஸின் முதல் நாளிலேயே, முதல் யோசனையே, யார் பெரியவன் என்பதுதான். தனக்குச் சமமான ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைக்கத் துணிந்தது ஜானின் பெருமை. ஆனால் அவர் குழுவுக்குள் அழைத்துக்கொண்டது ஒரு போட்டியாளரை.

இனிப் பாட்டுக்கு வருவோம். நட்பா போட்டியா என்பதை அங்கேதானே பார்க்க வேண்டும்?

1966இன் கடைசி. ஸ்பெயினில் ஒரு படப்பிடிப்பின்போது எழுத ஆரம்பித்த பாட்டோடு ஜான் அபே ரோட் ஸ்டூடியோவுக்கு வருகிறார். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. சின்ன வயதில் அவர் ஏறிக் குதித்து விளையாடிய ஒரு தோட்டத்தின் பெயர். பாட்டு கனவுபோல மிதக்கும். இரண்டு விதமாகப் பதிவு செய்தார்கள். ஜானுக்கு இதன் முன்பாதியும் பிடித்தது, அதன் பின்பாதியும் பிடித்தது. ‘ஒட்டிவிடுங்கள்’ என்றார். இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு வேகம். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தலையில் கை வைத்திருப்பார். ஆனாலும் ஒன்றின் வேகத்தைக் கூட்டி, மற்றதைக் குறைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்ட பால் என்ன செய்தார்? சில வாரத்தில் ‘பென்னி லேன்’ என்ற பாட்டோடு வந்து நின்றார். அதே லிவர்பூல், அதே இளமைக்காலம். ஜான் இருட்டில் நின்று பார்த்த ஊரை இவர் நல்ல வெயிலில் வைத்துக் காட்டினார். முடிதிருத்தும் கடை, வங்கிக்காரர், தீயணைப்பு வீரர். உச்சஸ்தாயியில் ஒரு டிரம்பெட் வேறு! நீ உன் ஊரைக் காட்டினாய், இதோ என் ஊர் என்று வைத்த பதில் அது. இரண்டும் 1967 பிப்ரவரியில் ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கங்களாக வந்தன.

இங்கே ஒரு சின்னச் செய்தி. அந்த இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போகவில்லை, இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருந்தவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அவர் பிறந்தது சாட்சாத் நம் மதராஸில். தலைப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ‘ஹே ஜூட்’ பாட்டைப் பிடித்துக்கொண்டார். ஜானும் அவர் மனைவியும் பிரிகிறார்கள். அவர்கள் பையன் ஜூலியனுக்கு ஆறுதலாகப் பால் இந்தப் பாட்டை எழுத ஆரம்பித்தார். இதைவிட நட்புக்குச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார். தம்பி, பாட்டை எழுதியதை மட்டும் சொன்னீர்களே, அது இசைத்தட்டாக வந்த கதையைச் சொன்னீர்களா? 1968 கோடையில் அடுத்த இசைத்தட்டின் முதல் பக்கம் தன்னுடைய ‘ரெவல்யூஷன்’தான் என்று ஜான் ஒற்றைக்காலில் நின்றார். பாலும் ஜார்ஜ் ஹாரிசனும், ‘பாட்டு மெதுவாக இருக்கிறது, இசைத்தட்டுக்கு எடுபடாது’ என்றார்கள். ஜானுக்கு ரோஷம் வந்துவிட்டது. மெதுவாக இருக்கிறதா? இப்போது பார் என்று அதே பாட்டை வேகமாக, கிட்டாரின் சத்தம் கிழிகிற மாதிரி மறுபடியும் பதிவு செய்தார். அதற்குள் பால் ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும் ‘ஹே ஜூட்’டைக் கொண்டுவந்துவிட்டார். முதல் பக்கம் பாலுக்கு, பின்பக்கம் ஜானுக்கு. ஜானே ஒத்துக்கொண்டார். அந்த இசைத்தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும், ரோஷம் இல்லாவிட்டால் அந்தப் பின்பக்கம் நமக்குக் கிடைத்திருக்காது.

அதே கோடையில் பாலின் ‘ஒப்லாடி ஒப்லாடா’வைத் திரும்பத் திரும்ப வாசித்து எல்லோருக்கும் வெறுத்துப்போனது. ஜான் எரிச்சலோடு வந்து பியானோவில் ஓங்கி அடித்து, இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வாசித்தார். இன்றைக்கும் அந்தப் பாட்டின் தொடக்கத்தில் நாம் கேட்பது அந்த எரிச்சலைத்தான்!

நடுவர் அவர்கள் புன்னகைக்கிறார். ‘எல்லாம் சரி, ஜார்ஜ் ஹாரிசன்?’ என்று கேட்கப் போகிறார். எதிரணித் தலைவரும் ஏற்கெனவே கேட்டுவிட்டார். ‘இரண்டு யானைகளின் போட்டியில் அந்த இளைய தம்பி நசுங்கவில்லையா?’

நசுங்கினார். மறைக்க என்ன இருக்கிறது? ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் அவருக்கு. ‘ஒயில் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாட்டைக் கொண்டுவந்தபோது மற்றவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. அவர் என்ன செய்தார்? நண்பர்களின் தோளில் சாய்ந்து அழுதாரா? 1968 செப்டம்பரில் எரிக் கிளாப்டனைக் கையோடு ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தார். வெளியிலிருந்து ஒரு பெரிய கிட்டார்க்காரர் வந்து உட்கார்ந்ததும் அத்தனை பேரும் ஒழுங்காக வாசித்தார்கள். அது போட்டியின் வேலையா, நட்பின் வேலையா?

அடுத்த ஜனவரியில் இன்னும் மோசம். ட்விக்கன்ஹாமில் படப்பிடிப்பு அரங்கில் ஒத்திகை. எப்படி வாசிக்க வேண்டும் என்று பால் சொல்லச் சொல்ல, நீ என்ன சொல்கிறாயோ அதை வாசிக்கிறேன், வாசிக்கவே வேண்டாம் என்றால் வாசிக்கவும் மாட்டேன் என்று ஜார்ஜ் வெறுத்துப்போய்ச் சொன்னது படமாகவே இருக்கிறது. 1969 ஜனவரி 10 அன்று எழுந்து போயேவிட்டார். அதற்கு ஜான் சொன்னது என்ன தெரியுமா? அவன் வராவிட்டால் கிளாப்டனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்! ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது ஐயா. எதிரணியினர் நட்பு என்று சொல்கிறார்களே, அதன் லட்சணம் இது.

ஆனால் அந்த ஜார்ஜ் அதே ஆண்டு ‘சம்திங்’கும் ‘ஹியர் கம்ஸ் தி சன்’னும் கொண்டுவந்தார். இரண்டு மேதைகளுக்கு நடுவே ஒரே ஒரு இடம் பிடிக்க வேண்டுமென்றால் பாட்டு எவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் வந்த ‘அபே ரோட்’ ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு ‘சம்திங்’ என்று ஜானே சொன்னார். குழு உடைந்ததும் தேக்கிவைத்திருந்த பாட்டையெல்லாம் சேர்த்து மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பமாக 1970இல் வெளியிட்டார், பெரிய வெற்றி. அதில்தான் ‘மை ஸ்வீட் லார்ட்’ இருந்தது. அது ஒரு பழைய பாட்டை ஒத்திருக்கிறது என்று வழக்கு வந்தது. 1976இல் நீதிமன்றம், அறியாமலே நகல் எடுத்திருக்கிறார் என்று தீர்ப்புச் சொன்னது.

அறியாமல் எப்படி நடந்தது? பக்கத்தில் பால் இல்லை. ‘கம் டுகெதர்’ பாட்டை ஜான் முதலில் வேகமாகப் பாடிக் காட்டியபோது, ‘இது சக் பெர்ரி பாட்டு மாதிரி இருக்கிறதே, வேகத்தைக் குறை’ என்று சொன்னது பால். அப்படி இழுத்துப் பிடித்ததில்தான் அந்தப் பாட்டின் நடையே வந்தது. ஒரு வரி அப்படியே தங்கிவிட்டதால் அதற்கும் வழக்கு வந்தது, அது வேறு விஷயம். கூட இருக்கிறவன் உன் பாட்டில் ஓட்டை தேடுகிறவனாக இருந்தால் பாட்டு தப்பிக்கும். தனியாகப் போன பிறகு நாலு பேருக்கும் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

‘அந்தப் போட்டிதானே கடைசியில் குழுவை உடைத்தது?’ இது எதிரணியின் பிரம்மாஸ்திரம். இல்லை. 1967 ஆகஸ்டில் எப்ஸ்டீன் 32 வயதில் இறந்துபோனார். பணத்தை யார் பார்ப்பது என்பதில் வந்தது வினை. ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் நியூயார்க்கின் ஆலன் கிளைன் பக்கம். பால் தன் மாமனார் குடும்பமான ஈஸ்ட்மன் பக்கம். மூன்றுக்கு ஒன்று. பாடல் உரிமை நிறுவனத்தின் பங்குகளைப் பால் சத்தமில்லாமல் கூடுதலாக வாங்கியிருந்தது ஜானுக்குத் தெரியவந்ததும் ரகளை. 1970 டிசம்பர் 31 அன்று பால் லண்டனில் வழக்குப் போட்டார். கணக்குப் புத்தகத்தில் நடந்த அந்தச் சண்டையை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்!

அந்தச் சண்டை உச்சத்தில் இருந்த 1969 கோடையில்தான் ‘அபே ரோட்’ ஆல்பத்தை முடித்தார்கள். அதில் ‘தி எண்ட்’ என்று ஒரு பாட்டு. கடைசியில் பால், ஜார்ஜ், ஜான் மூன்று பேரும் அந்த வரிசையிலேயே ஆளுக்கு இரண்டு தாளக்கட்டு வீதம், மூன்று சுற்று மாறி மாறி கிட்டார் வாசிக்கிறார்கள். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கமும் கடமும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லிக்கொள்ளுமே, அப்படி. வெளியே வக்கீல்கள், உள்ளே இந்த வாசிப்பு. அந்த நேரத்தில் இவர்களிடம் நட்பு எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எதிரணியே சொல்லட்டும். பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

கடைசியாக ஒன்று. நட்புதான் பாட்டைத் தந்தது என்றால், நட்பு திரும்பியபோது பாட்டும் திரும்பியிருக்க வேண்டுமே? எழுபதுகளின் நடுவில் ஜானும் பாலும் மறுபடியும் பேசிக்கொண்டார்கள். 1976 ஏப்ரல் 24 இரவு நியூயார்க்கில் ஜான் வீட்டில் இருவரும் சேர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர் திரையில் தோன்றி, பீட்டில்ஸ் ஒன்றுசேர்ந்து வந்து பாடினால் 3,000 டாலர் தருகிறேன் என்று விளையாட்டாக அறிவிக்கிறார். போகலாமா என்று இருவரும் யோசித்தார்களாம். அப்புறம், அலுப்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். நல்ல நட்பு. சோபா இருந்தது, சிரிப்பு இருந்தது. ஒரு பல்லவிகூட வரவில்லை.

பிறகு ஜான் சில ஆண்டுகள் இசைத்தட்டே வெளியிடாமல் வீட்டில் இருந்தார். 1980இல் பாலின் ‘கமிங் அப்’ என்ற புதுப்பாட்டு வானொலியில் வருகிறது. கேட்ட ஜான் அதைப் பாராட்டினார். அது அவரை உசுப்பிவிட்டது என்று அப்போது அவருடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆகஸ்டில் ஜான் மறுபடியும் ஸ்டூடியோவுக்குள் போனார் என்பது உண்மை. சேர்ந்து தொலைக்காட்சி பார்த்த நண்பன் கிளப்பாத ஆளை, வானொலியில் வந்த போட்டிக்காரன் கிளப்பியிருக்கிறான்.

தீர்ப்பு உங்கள் கையில் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.