எஞ்சின் பாகங்களைப் பெட்டியிட்டு லாரியில் அனுப்புவது எப்படி?

[காட்சி: மன்னார்குடிப் பக்கத்து டீசல் எஞ்சின் பட்டறை. மேசை மீது கழற்றி வைத்த கிராங்க் ஷாஃப்ட்.]

வணக்கம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதிக்கு முந்தைய வாரங்களில், டெல்டாவின் பட்டறைகள் எல்லாவற்றிலும் டிராக்டர் எஞ்சின்களும் பம்புசெட் எஞ்சின்களும் பிரித்துப் போடப்பட்டிருக்கும். தேய்ந்த கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) கிரைண்டிங்குக்கும், விரிசல் கண்ட ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் வார்ப்பு) சோதனைக்கும், டீசல் பம்பு சர்வீசுக்கும் என்று திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ புறப்படும். அவை எந்த நிலையில் இங்கிருந்து போகின்றனவோ, அதைவிட மோசமான நிலையில் திரும்பி வராமல் இருக்கச் செய்ய வேண்டியவற்றை இந்த வீடியோவில் காட்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான்கு சிலிண்டர் டிராக்டர் ஒன்றின் கிராங்கை இரண்டு சாக்கில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, பெட்டி எதுவும் இல்லாமல் அனுப்பினோம். கிரைண்டிங் முடிந்து அதே சாக்கிலேயே அது திரும்பியபோது, புதிதாகத் தீட்டிய ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதி) ஒன்றில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. வழியில் ஏதோ ஓர் இரும்பு விளிம்பில் அது இடித்திருக்க வேண்டும். 0.25 மில்லிமீட்டர் குறைத்துத் தீட்டிய கிராங்கை மீண்டும் அனுப்பி, மொத்தம் 0.50 மில்லிமீட்டர் குறையும்படி தீட்ட வேண்டியதாயிற்று. அதற்குள் அந்த விவசாயியின் வயலில் முதல் தண்ணீர் பாய்ந்து உழவு தொடங்க வேண்டிய நாட்கள் கடந்துவிட்டன. பாகத்தைச் சுற்றினோமே தவிர, அது அசையாமல் பிடித்து நிறுத்தவில்லை. அந்தத் தவறு முழுவதும் எங்களுடையது.

[காட்சி: சிமெண்ட் தரையில் வைத்த சிலிண்டர் ஹெட். அருகில் ஒரு அளவுகோல்.]

40 கிலோ எடையுள்ள ஹெட் ஒன்று 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரை வளைந்து கொடுக்காது. 3 மில்லிமீட்டருக்குள் அந்த ஹெட் நின்றுவிட்டால், அந்தக் கணத்தில் அது தாங்கும் விசை தன் எடையைப் போல ஏறத்தாழ 100 மடங்கு, அதாவது சுமார் 4 டன். அதே ஹெட்டுக்கு அடியில் 3 சென்டிமீட்டர் அமுங்கக்கூடிய மெத்தை இருந்தால் விசை 10 மடங்கைச் சற்றே தாண்டுவதோடு நின்றுவிடும். வார்ப்பிரும்பு எஃகைப் போல வளைந்து தப்பிப்பதில்லை. தாங்கும் வரை தாங்கிவிட்டு விரிசல் விடும். அந்த விரிசல் பல நேரம் கண்ணுக்குத் தெரியாமல், எஞ்சினைப் பூட்டி ஓட்டிய பிறகு ஆயிலில் தண்ணீர் கலக்கும்போதுதான் தெரியவரும்.

மெத்தைக்கு எதைப் பயன்படுத்துவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தெர்மாகோல் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பொருந்தும். ஆனால் கிராங்கின் எடை முழுவதும் ஒரு சிறிய விளிம்பின் வழியே இறங்கும்போது அது நொறுங்கித் தூளாகிவிடும், காற்றுக்குமிழித் தாளோ முதல் குலுக்கலிலேயே வெடித்துவிடும். பழைய டயர்த் துண்டுகளும், ரப்பர் பூசிய தென்னை நார்ப் பலகையும் இந்த எடைக்கு ஏற்றவை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நாருக்கா பஞ்சம்?

உமியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசி ஆலைகள் நிறைந்த ஊர்களில் பெட்டியின் இடைவெளியை உமியால் நிரப்பும் எண்ணம் எளிதில் வரும். உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். கிராங்கின் ஆயில் துளைக்குள்ளோ பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) ஆயில் பாதைக்குள்ளோ புகுந்த உமித்தூள் பேரிங்குக்குப் போய்ச் சேர்ந்தால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. வைக்கோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள்.

[காட்சி: கிராங்க் ஷாஃப்டைத் துடைத்து, எண்ணெய் பூசி, காகிதத்தில் சுற்றுதல்.]

அடுத்தது துரு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரங்களின் உப்புக் காற்றிலும், தீட்டிய ஜர்னலில் வெறுங்கை பட்ட இடம் விரல் ரேகையோடு துருப்பிடிக்கும். ஆகவே கையுறை அணிந்து, டீசலால் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்லிய துருத் தடுப்பு எண்ணெயைப் பூச வேண்டும். செய்தித்தாளில் சுற்றுவது கேடு, ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்துவிடும். வி.சி.ஐ. காகிதம் என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். அதிலிருந்து எழும் ஆவி உலோகத்தின் மேல் மெல்லிய காப்பாகப் படிகிறது. அந்த ஆவி வெளியேறாதபடி மேலே பாலித்தீன் உறையிட்டு வாயை ஒட்டினால்தான் அதற்குப் பயன் உண்டு. கழுவிய சூடு ஆறாத பாகத்தை உறையிட்டு மூடினால் உள்ளே வேர்த்துவிடும் என்பதால், அது முழுவதும் ஆறும் வரை பொறுத்திருங்கள்.

துளைகளை அடைக்கத் துணியும் வேஸ்ட்டும் (துடைக்கும் நூல் கழிவு) வேண்டவே வேண்டாம். ஒரு துளையில் மறந்துபோன துணித்துண்டு, பூட்டிய எஞ்சினின் ஆயிலை அடைத்து, எஞ்சின் இறுகி நின்றுபோகச் செய்துவிடும். பளிச்சென்ற நிறத்தில் பிளாஸ்டிக் மூடிகள் போட்டு, எத்தனை போட்டோம் என்று பெட்டியின் உள்பக்கம் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். டீசல் பம்பின் பிளஞ்சருக்கும் (டீசலை அழுத்தும் தண்டு) பேரலுக்கும் (அந்தத் தண்டு ஓடும் குழல்) இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் பருமனில் அது மிகச் சிறிய பங்கு. மூடி இல்லாத பம்பு, பெட்டியில் ஏறும் முன்பே கெட்டுப்போனது என்றே கொள்ளலாம்.

[காட்சி: அடிச்சட்டத்தின் மேல் அரைவட்டமாக அறுத்த மரத் தாங்கிகள்.]

இப்போது பெட்டி. தடித்த அடிச்சட்டத்தின் மேல், மெயின் ஜர்னலின் (பிளாக்கில் அமரும் ஜர்னல்) அளவுக்கு அரைவட்டமாக அறுத்த மரத் தாங்கிகளைப் போல்ட்டால் இறுக்கி, அவற்றில் தோலோ ரப்பரோ ஒட்டி, கிராங்கை அதில் கிடத்த வேண்டும். எடை மெயின் ஜர்னலில் இறங்க வேண்டுமே தவிர, பெண்டு எனப்படும் வளைந்த பகுதியிலோ எதிர் எடையிலோ இறங்கக் கூடாது. மேலேயும் அதே போன்ற அரைவட்டத் துண்டை வைத்து நீண்ட போல்ட்டால் கீழ்ச்சட்டத்தோடு சேர்த்து இறுக்கினால், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கிராங்க் அசையாது. புதிதாக அறுத்த பச்சை மரத்தைத் தவிர்க்க வேண்டும். அதன் ஈரமும் அமிலமும் மூடிய பெட்டிக்குள் இரும்பை அரிக்கும்.

ஹெட்டை ஒருபோதும் முகம் (பிளாக்கோடு பொருந்தும் பரப்பு) கீழாகத் தரையில் வைக்காதீர்கள். பல எஞ்சின்களில் டீசலைத் தெளிக்கும் நாசிலின் முனை அந்த முகத்தைவிடச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். எடை முழுவதும் அந்த முனையில் ஏறிவிடும். நாசிலைக் கழற்றித் தனியாக வைத்து, ஹெட்டின் முகத்துக்கு ஒட்டுப்பலகை ஒன்றை வெட்டி, ஸ்டட் துளைகள் வழியாகவே போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் கீறல் பயம் தீர்ந்தது. பிளாக்கைப் பொறுத்தவரை, தண்ணீர் ஜாக்கெட்டில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடிப்பதே முதல் வேலை.

ஆயிலும் எரிபொருளும் சொட்டச் சொட்ட எதையும் அனுப்பக் கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதோடு, பக்கத்தில் ஏறிய பிறர் சரக்கையும் அது கெடுக்கும்.

[காட்சி: செயின் பிளாக்கில் பெட்டி தூக்கப்படுதல்.]

தூக்கும்போது பெல்ட்டின் இரு கால்களுக்கும் இடைப்பட்ட கோணத்தைக் கவனியுங்கள். கோணம் 120 பாகையாக விரிந்தால், பாதி எடை தாங்க வேண்டிய ஒவ்வொரு காலும் முழு எடையையும் தாங்கும். 60 பாகைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. லாரியில் பெட்டியை முன்சுவரோடு ஒட்டி வைத்துக் கட்ட வேண்டும். கடுமையாக பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னே தள்ளும் என்று கணக்கிட்டே கட்டுவது முறை. 200 கிலோ பெட்டி என்றால் 160 கிலோ தள்ளும்.

பெட்டியின் மேல் எடை, மேல்பக்கம் எது, கயிறு போட வேண்டிய இடம் எது என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அதைத் தூக்கப்போகிறவர் படிப்பதற்காகத்தான் எழுதுகிறோம். அனுப்புபவர், பெறுபவர் முகவரியை உள்ளேயும் ஒரு தாளில் வைத்து, மூடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் ஆபீசில் எல்.ஆர். (லாரி ரசீது) போடும்போது மதிப்பைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும், கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணத்தை ஏற்காத சரக்குக்கு இழப்பீட்டைப் பொதுவாக லாரிக் கட்டணத்தின் 10 மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. 500 ரூபாய் கட்டணத்தில் போகும் கிராங்குக்கு அந்தத் தொகை என்ன ஈடு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

[காட்சி: ஸ்குரூ கழற்றி மேல்பலகையைத் திறத்தல்.]

கடைசியாக, மேல்பலகையை ஆணியால் அடிக்காமல் ஸ்குரூவால் இறுக்குங்கள். ஆணியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்த பெட்டி அங்கேயே விறகாகிவிடும். பாகம் சாக்கில் சுற்றித்தான் திரும்பும். ஸ்குரூ போட்ட பெட்டிக்குள், “இதே பெட்டியில், இதே தாங்கியில் திருப்பி அனுப்பவும்” என்று எழுதிய தாளையும், திரும்பும் வழிக்குப் போதுமான புதிய வி.சி.ஐ. காகிதத்தையும் மடித்து வைத்து மூடுங்கள்.